ஊர் பேர் இல்லாத முகவரி

போன பொங்கல் லீவுக்கு சிவகிரி போயிருந்தபோது பரணைச் சுத்தம் பண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் இருந்தால் ஃபேன் ரிப்பேரில் ஆரம்பித்து பரண் வரைக்கும் எல்லாம் நம்ம டிபார்ட்மென்ட்தான். மேலே ஒரு கருப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளை பெயின்டில் பெரியப்பாவின் ராணுவ நம்பரும் பெயரும். உள்ளே ஒரு கம்பளி, அதற்கடியில் ரப்பர் பேண்டு போட்ட கடிதக் கட்டு. எண்ணிப் பார்த்தேன், 46 இருந்தது. எல்லாமே பெரியப்பா வீட்டுக்குப் போட்ட கடிதங்கள்.

"ஆச்சி உங்களுக்குப் போட்ட லெட்டர்லாம் எங்க பெரியப்பா?"

"அது எப்படில இங்க இருக்கும்? அது எனக்குல்லா வந்துச்சு" என்றார்.

சரிதான். மகன் எழுதினால் அது வீட்டுக்கு வரும். வீட்டில் பெட்டி இருக்கிறது, பரண் இருக்கிறது, பத்திரப்படுத்த ஒரு அம்மா இருக்கிறாள். அம்மா எழுதினால் அது மகனிடம் போகும். அவனிடம் ஒரு பை, ஒரு சட்டைப் பாக்கெட். மழை, வேர்வை, ஒரு மாதத்துக்கு ஒரு இடம். போர்க்காலக் கடிதம் என்று நாம் படிக்கிற புத்தகங்களில் முக்கால்வாசி சிப்பாய் எழுதியதாகவே இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலிருந்து போன பாதி எங்கே போனது? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் போஸ்ட் ஆபீஸ் டெக்னாலஜி, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எங்கள் வீட்டுக் கதை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

56 என்றால் எந்த ஊர்?

பெரியப்பா ராணுவத்தில் லாரி டிரைவர். 1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது ஸ்ரீநகரிலிருந்து லே போகிற ரோட்டில் சாமான் ஏற்றிப்போகும் கான்வாயில் இருந்தார். ஆனால் அவருடைய கடிதங்கள் எதிலும் காஷ்மீர் என்ற வார்த்தையே கிடையாது. அனுப்புநர் முகவரியில் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் "மே/பா 56 ஏ.பி.ஓ." அவ்வளவுதான். ஊரும் இல்லை, மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை.

ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ். இந்திய ராணுவத்துக்கு இப்படி இரண்டு நம்பர் உண்டு: 56, 99. 56 போட்ட கடிதம் எல்லாம் டெல்லியில் இருக்கிற சென்ட்ரல் பேஸ் போஸ்ட் ஆபீஸுக்குப் போகும். 99 போட்டது, கிழக்குப் பக்கம் இருக்கிற படைகளுக்கானது, கொல்கத்தாவில் இருக்கிற இன்னொன்றுக்குப் போகும். சிவகிரி போஸ்ட் ஆபீஸில் முத்திரை குத்துகிறவருக்கோ, வழியில் பிரிக்கிறவருக்கோ அந்த யூனிட் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. டெல்லிக்குத் தள்ளிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. எந்த யூனிட் இன்றைக்கு எந்த ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸின் கீழ் இருக்கிறது என்ற விவரம் அந்த பேஸ் போஸ்ட் ஆபீஸில்தான் இருக்கும். அங்கே யூனிட் வாரியாகப் பிரித்து, பை கட்டி, அந்தந்த ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸுக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து யூனிட் ஆள் ஒருவர் வந்து 'டாக்' வாங்கிப் போவார். குளிர்காலத்தில் சோஜி லா கணவாய் பனியில் மூடிவிட்டால் லே வரைக்கும் விமானத்தில்.

ஈ.சி.இ. படிக்கிறவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். மொபைல் நெட்வொர்க்கில் ஹெச்.எல்.ஆர். என்று ஒரு ரெஜிஸ்டர் வருமே, அதே கதை. நீங்கள் சென்னையில் இருந்தாலும் சண்டிகரில் இருந்தாலும் உங்களைக் கூப்பிடுகிறவர் ஒரே நம்பரைத்தான் அடிக்கிறார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது ரெஜிஸ்டருக்கு மட்டும் தெரியும். யூனிட் இடம் மாறினால் ரெஜிஸ்டரில் ஒரு வரியை மாற்றினால் போதும், ஆயிரம் வீட்டுக்கு "எங்கள் முகவரி மாறிவிட்டது" என்று சொல்ல வேண்டாம். எதிரி ஒரு கடிதத்தை வழியில் பிடித்தாலும் உறையைப் பார்த்து யூனிட் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நம்மூரில் பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். சிவகிரிக்கு 627757. முதல் இலக்கம் 6 என்றால் தமிழ்நாடு, கேரளா பக்கம். 627 திருநெல்வேலி வட்டாரம். (இப்போது நாங்கள் தென்காசி மாவட்டம். 2019-ல் பிரித்தார்கள். பின்கோடு இன்னும் திருநெல்வேலியை விடவில்லை.) 1 முதல் 8 வரைக்கும் இப்படி ஏதாவது ஒரு நிலப்பகுதியைக் குறிக்கும். 9 மட்டும் ராணுவத் தபாலுக்கு. அதாவது 9 என்பது மேப்பில் எந்த இடமும் கிடையாது. இப்போது யூனிட்டுகளுக்கு 9-ல் தொடங்குகிற ஆறு இலக்கப் பின்கோடே உண்டு. அதே 1972-ல், மார்ச் 1-ம் தேதி, ஆர்மி போஸ்டல் சர்வீஸ் தனிப் படைப்பிரிவாக ஆனது. அதில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் நம் தபால் துறையிலிருந்து டெபுடேஷனில் போனவர்கள். யூனிஃபார்ம் போட்ட போஸ்ட்மேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து போன படையோடு ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் போவது 1856-ல் பாரசீகத்துக்குப் போன படையிலிருந்தே ஆரம்பித்துவிட்டது. 1987-ல் அமைதிப் படை இலங்கைக்குப் போனபோதும் கூடவே போனது.

வீட்டிலிருந்து போடுகிற கடிதத்துக்கு சாதாரண உள்நாட்டுத் தபால் செலவுதான். சங்கரன்கோவிலுக்குப் போடுகிற அதே நீல நிற இன்லேண்ட் லெட்டர் லே வரைக்கும் போகும்.

படிக்கத் தெரிந்த மூன்றாவது ஆள்

முகவரியில் ஊரை மறைத்தாயிற்று. உள்ளே எழுதுவதை? அதற்குத்தான் சென்சார்.

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டிப் போனார்கள். பிரான்சில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் 1915 வாக்கில் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாரோ ஒருவர் எழுதிக் கொடுப்பார். ஊரிலிருந்து பதில் வந்தால் படிக்கத் தெரிந்த ஒருவர் எல்லோருக்கும் நடுவில் சத்தமாகப் படிப்பார். பெண்டாட்டி கோபித்துக்கொண்ட விஷயம்கூட பாரக்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும். பிரைவசி என்ற பேச்சே கிடையாது.

பிரான்சின் பூலோன் நகரத்தில் ஈவ்லின் ஹவெல் என்ற அதிகாரியின் கீழ் ஒரு சின்ன சென்சார் ஆபீஸ் இருந்தது. சிப்பாய் ஊருக்குப் போடுவது, ஊரிலிருந்து சிப்பாய்க்கு வருவது, இரண்டு பக்கமும் பார்த்தார்கள். எல்லாவற்றையும் படிக்க ஆள் போதாது. கொஞ்சம் எடுத்துப் படித்து, முக்கியம் என்று பட்டதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு ரிப்போர்ட் அனுப்பினார்கள். சிப்பாய்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'கருப்பு மிளகு' என்றால் இந்தியப் படை, 'சிவப்பு மிளகு' என்றால் வெள்ளைக்காரப் படை. கருப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று எழுதினால் நம் ஆட்கள் நிறையச் சாகிறார்கள், யாரும் பட்டாளத்தில் சேராதீர்கள் என்று ஊருக்குப் புரியும். சென்சாருக்கும் புரிந்தது. அதனால்தான் நமக்கும் இன்றைக்குத் தெரிகிறது.

அந்த ரிப்போர்ட்டுகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. டேவிட் ஒமிஸி என்ற வரலாற்றாசிரியர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து 1999-ல் புத்தகமாகப் போட்டார். அதிலும் சிப்பாய் எழுதியதே அதிகம், ஆனால் ஊரிலிருந்து வந்தவையும் இருக்கின்றன. யோசித்துப் பாருங்கள். பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்த அசல் கடிதம் பதுங்குகுழிச் சேற்றில் கரைந்து போயிருக்கும். உளவு பார்க்க எடுத்த காப்பிதான் நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. அம்மாக்கள் என்ன எழுதினார்கள் என்று நமக்குக் கொஞ்சமாவது தெரிவது, அவர்கள் கடிதத்தை அனுமதி கேட்காமல் படித்தவர்களால். இதற்குச் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று எனக்கு இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

பூலோன் ரிப்போர்ட்டில் தமிழை அதிகம் எதிர்பார்க்க முடியாது. பிரான்சுக்குப் போன காலாட்படை பெரும்பாலும் வடக்கத்தி. நம் பக்கத்து ஆட்கள் வேறு திசையில் போனார்கள். பாளையங்கோட்டை பெயரையே வைத்துக்கொண்டிருந்த 63-வது பாலம்கோட்டா லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவில் இருக்கிற டாங்காவில் இறங்கித் தோற்றுத் திரும்பியது. அந்தப் படைக்கு வீட்டிலிருந்து போன கடிதத்துக்கு பூலோன் மாதிரி ஒரு காப்பி ஆபீஸ் இருந்திருந்தால் நம் ஊர்த் தமிழ் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

எடையும் முத்தமும்

கடிதத்துக்கு எடை உண்டு, போரில் அது பெரிய பிரச்சினை. பிரிட்டனில் முதல் உலகப்போரின் உச்சத்தில் வாரத்துக்கு 1 கோடியே 20 லட்சம் கடிதம் போர்முனைக்குப் போனது. லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் மரத்தாலேயே ஒரு பிரம்மாண்டமான கொட்டகை கட்டித்தான் பிரித்தார்கள். அங்கேயும் நம் 56 மாதிரியே ஊர் இல்லாத முகவரிதான்.

இரண்டாம் உலகப்போரில் ஒரு தீர்வு கண்டுபிடித்தார்கள். பிரிட்டன் 1941-ல் 'ஏர்கிராஃப்', அமெரிக்கா 1942-ல் 'வி-மெயில்'. வீட்டில் ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்தால் அதை மைக்ரோஃபிலிமில் படம் எடுத்து, சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, அந்தப் பக்கம் பிரிண்ட் போட்டுக் கொடுப்பார்கள். 37 மூட்டை அளவுக்கு இருந்த ஒன்றரை லட்சம் கடிதம் ஒரே மூட்டையில் அடங்கியது. 2,575 பவுண்டு 45 பவுண்டாகக் குறைந்தது. கம்ப்ரஷன் ரேஷியோ கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட 57. மோசம் இல்லை.

ஆனால் லாஸி கம்ப்ரஷன். அமெரிக்கப் பெண்கள் காகிதத்தில் லிப்ஸ்டிக்கோடு முத்தம் வைத்து அனுப்ப, அந்தச் சாயம் மெஷினில் ஒட்டிச் சிக்கலாக்கியது. 'சிவப்புத் தொல்லை' என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எழுத்து போகும், முத்தம் போகாது.

நம் இன்லேண்ட் லெட்டரிலும் உள்ளே எதுவும் வைக்கக் கூடாது என்று அச்சடித்தே இருக்கும். எங்கள் ஆச்சி அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். சங்கரன்கோவில் கோமதி அம்மன் கோவிலுக்குப் போனால் புற்றுமண் எடுத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். நெற்றியில் இடுவோம், வாயிலும் கொஞ்சம் போட்டுக்கொள்வோம். ஆச்சி அதைத் தண்ணீரில் குழைத்து, விரலால் கடிதத்தின் மூலையில் ஒரு தீற்று தீற்றிவிடுவாள். காய்ந்ததும் அத்தை மடித்து ஒட்டுவாள். "உள்ள ஒண்ணும் வைக்கல, பேப்பர்லதான இருக்கு" என்பது ஆச்சியின் வாதம்.

நலம், நலமறிய ஆவல்

ஆச்சிக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல அத்தை எழுதுவாள். மேலே பிள்ளையார் சுழி, பிறகு "அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் அனைவரும் நலம். அங்கு உன் நலம் அறிய ஆவல்." பசு கன்னு போட்டது, தொண்டில் தண்ணி கிடக்கிறதா வற்றிவிட்டதா, யார் வீட்டில் விசேஷம், யார் யாரோடு பேசவில்லை. கடைசியில் "மற்றவை நேரில்." இந்த ஃபார்மட் தமிழ்நாட்டில் யார் வீட்டுக் கடிதத்தை எடுத்தாலும் இருக்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னது பெரியப்பாவும் அத்தையும். "படிச்சா சிரிப்பா இருக்கும்ல. குண்டு விழுது, இங்க இவிய கன்னுக்குட்டிக்கு என்ன பேர் வைக்கன்னு கேக்காவ. ஆனா அதத்தான் திரும்பத் திரும்பப் படிப்பேன். சண்டையப் பத்தி எனக்கே தெரியும், அம்ம வேற எழுதணுமாக்கும்" என்றார். அந்த 1999 மே முதல் ஜூலை வரைக்கும் அவர் லாரி ஓட்டியது பெரும்பாலும் ராத்திரியில், ஹெட்லைட் போடாமல். மலை மேலே இருந்து பார்த்தால் வெளிச்சம் தெரியும், தெரிந்தால் ஷெல் வரும்.

வீட்டுக்கு அவர் என்ன எழுதினார் தெரியுமா? கட்டில் இருக்கிறது, படித்தேன். "நான் ஸ்டோர் டூட்டியில் இருக்கிறேன். சண்டை நடக்கும் இடம் இங்கிருந்து வெகு தூரம். கவலைப்பட வேண்டாம்." மூன்று கடிதத்தில் மூன்று தடவை அதே ஸ்டோர். சென்சார் அடிக்க வேண்டிய வேலையே வைக்கவில்லை, அவரே அடித்துவிட்டார்.

வீட்டில் நம்பினார்களா? மே 29-ல் பட்டாலிக் பகுதியில் திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன் வீரமரணம் அடைந்தார். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நம் ஊர்க்காரப் பிள்ளை என்று பேப்பரில் போட்டோவோடு வந்ததும் ஆச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். படிக்கத் தெரியாதவளுக்குப் போட்டோ போதும். அதற்குப் பிறகு தெருவில் தந்திக்காரர் சைக்கிள் வந்தால் திண்ணையில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று அத்தை சொன்னாள். தபால்காரர் வந்தால் சந்தோஷம், தந்திக்காரர் வந்தால் வயிற்றில் புளி. (தந்தி சேவையே 2013 ஜூலையில் நின்றுவிட்டது. நம் பேட்ச்சில் யாரும் தந்தியைக் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை.)

பதினோராவது கடிதம்

கடிதம் சாதாரணமாக 10, 15 நாளில் போய்விடும். அந்த ஜூன், ஜூலையில் சில சமயம் ஒரு மாதம் ஆனது. அதனால் ஒரு கேள்வி கேட்டு பதில் வருவதற்குள் இரண்டு கடிதம் குறுக்கே போய்விடும். பெரியப்பாவின் ஹவில்தார் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: வீட்டில் போடுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் வரிசை எண் போடச் சொல். எது முன்னே, எது பின்னே, எது வரவில்லை என்று தெரியும். நெட்வொர்க்ஸ் பேப்பரில் டி.சி.பி. சீக்வென்ஸ் நம்பர் என்று நாம் மனப்பாடம் பண்ணுகிறோமே, அதேதான். அத்தை 1999 மார்ச்சிலிருந்து கடித மூலையில் எண் போட ஆரம்பித்தாள்.

10 வந்தது. அடுத்து வந்தது 12.

12-ல் ஒரு வரி: "அப்பாவுக்கு இப்போது தேவலை. எழுந்து நடக்கிறார்கள்."

தேவலை என்றால் எதிலிருந்து தேவலை? அது 11-ல் இருக்கிறது. 11 வரவில்லை. எண் போடாமல் இருந்திருந்தால் ஏதோ சளி, காய்ச்சல் என்று விட்டிருப்பார். எண் போட்டதால் ஒன்று நடுவில் காணோம் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. பாக்கெட் லாஸ் கண்டுபிடிப்பது சுலபம், ரீடிரான்ஸ்மிஷன் கேட்டால் பதில் வர ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் அவர் அந்த ரோட்டில்தான் ஓட்டினார். "வண்டி ஓட்டும்போது ஷெல் சத்தத்த விட அந்த பதினொண்ணுதான்ல மண்டைக்குள்ள ஓடும்" என்றார்.

அவர் கேட்டு எழுதினார். பதில் வந்தது. "ஒன்றும் இல்லை. காய்ச்சல்தான். நீ மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே."

நடந்தது வேறு. ஜூலை ஆரம்பத்தில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்து திருநெல்வேலியில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரிய விஷயம், மூத்த மகனுக்குத் தெரிய வேண்டும் என்று ஆச்சிதான் சொல்லி எழுத வைத்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து. வீட்டில் என்றால் அத்தை பெரியப்பாவின் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முகவரியைப் பார்த்து எழுதுவாள். அங்கே அது இல்லை. ஞாபகத்திலிருந்து எழுதினாள். யூனிட் நம்பரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது.

இங்கேதான் 56 ஏ.பி.ஓ.வின் பலமே பலவீனமாகிறது. "சிவகிரி, வடக்குத் தெரு" என்பதற்குப் பதில் தெற்குத் தெரு என்று எழுதினாலும் நம் போஸ்ட்மேன் சிரித்துக்கொண்டே சரியான வீட்டில் போட்டுவிடுவார், ஆளைத் தெரியும் அவருக்கு. சாதாரண முகவரியில் ஒரே தகவல் ஐந்து விதமாக இருக்கும்: தெரு, ஊர், வழி, மாவட்டம், பின்கோடு. ஒன்று தப்பினால் இன்னொன்று காப்பாற்றும். ஊரை எடுத்துவிட்டு நம்பரை மட்டும் வைத்தால் அந்த ரிடன்டன்சி போய்விடுகிறது. ஆதார் எண்ணில் வெர்ஹூஃப் முறையில் கடைசியில் ஒரு செக் டிஜிட் உண்டு, பக்கத்து இலக்கம் இடம் மாறினால் பிடித்துவிடும். புத்தகத்தின் ஐ.எஸ்.பி.என். எண்ணிலும் செக் டிஜிட் இருக்கிறது. பின்கோடில் கிடையாது, யூனிட் நம்பரில் கிடையாது. இடம் மாறிய அந்த நம்பரிலும் ஒரு யூனிட் இருந்தது. கடிதம் ஒழுங்காக அங்கே போய்ச் சேர்ந்தது. அங்கே அப்படி ஒரு ஆள் இல்லை. பென்சிலில் இந்தியில் ஒரு வரி எழுதி, அனுப்பியவருக்கே திருப்பிவிட்டார்கள். செப்டம்பரில் சிவகிரிக்கு வந்து சேர்ந்தது. யாரையும் குறை சொல்வதற்கில்லை. கையில் இருந்த நம்பரை வைத்துச் செய்யக்கூடியதை எல்லோரும் சரியாகத்தான் செய்தார்கள்.

ஆச்சி அதைப் பிரிக்கவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள். சண்டை ஜூலை 26-ல் முடிந்திருந்தது, ஆனாலும் மகன் இன்னும் மலையில்தான். நவம்பரில் லீவில் வந்த பெரியப்பா, இளைத்துப்போன தாத்தாவைப் பார்த்துவிட்டு சத்தம் போட்டிருக்கிறார். "காய்ச்சல்னு சொன்னிய? ஒரு வார்த்த நெசத்தச் சொல்லலாம்லா?"

ஆச்சி கேட்டது ஒரே கேள்வி. "நீ மட்டும் நெசத்தச் சொன்னியால? ஸ்டோர்லதான் இருந்தியோ?"

கான்வாய் விஷயம் கூட இருந்த சுற்று வட்டாரத்துப் பையன் ஒருவன் முன்னாலேயே லீவில் வந்து உளறிவிட்டிருந்தான். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசவில்லையாம். பிறகு சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அம்மா எழுதிய கடிதத்தை அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பிரித்துப் படித்தேன் என்றார் பெரியப்பா.

மிச்சம் இருப்பது

மற்ற கடிதங்கள் என்ன ஆயின? "எரிச்சுட்டேன்" என்றார், சாதாரணமாக. முன்னால் போகும்போது வீட்டுக் கடிதம் எதுவும் உடம்பில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்வார்களாம். பிடிபட்டால் அதிலிருந்து ஏதாவது விவரம் எடுத்துவிடுவார்கள். அதனால் நாலைந்து தடவை படித்துவிட்டு, குளிருக்கு மூட்டுகிற தீயில் போட்டுவிடுவார். "அதுவும் கொஞ்சம் சூடு குடுத்துச்சு" என்று சிரித்தார். ஆக, ஆச்சியின் கடிதங்களில் இன்றைக்கு இருப்பது அந்த 11 மட்டும்தான். ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தவை எல்லாம் போய்விட்டன. தப்பிப்போனது பிழைத்துக்கொண்டது.

பெரியப்பா அதைத் தன் பென்ஷன் புத்தக உறைக்குள் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார். எழுத்து முழுக்க அத்தையுடையது, அவசரத்தில் கிறுக்கியது. மூலையில் புற்றுமண் தீற்று. பாதி உதிர்ந்துவிட்டது, ஆனால் ரேகை கொஞ்சம் தெரிகிறது. ஆச்சி 2016-ல் தவறிவிட்டாள்.

உங்கள் வீட்டிலும் யாராவது பட்டாளத்தில் இருந்திருந்தால் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்கள். தென் மாவட்டங்களில் தெருவுக்கு ஒரு மிலிட்டரிக்காரர் உண்டு. தயவுசெய்து லேமினேட் பண்ணிவிடாதீர்கள், சூட்டில் மையும் காகிதமும் போய்விடும், திரும்ப எடுக்கவும் முடியாது. ரப்பர் பேண்டைக் கழற்றிவிடுங்கள், அது காகிதத்தோடு உருகி ஒட்டும். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இருக்கிற வட்ட முத்திரையில் ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் நம்பரும் தேதியும் இருக்கும். அன்றைக்கு ஊரை மறைத்த அதே நம்பரை வைத்து, தபால் முத்திரை சேகரிக்கிறவர்கள் எந்த யூனிட் எப்போது எங்கே இருந்தது என்று இன்றைக்குக் கண்டுபிடிக்கிறார்கள். இப்போது சர்வீஸில் இருக்கிறவருடைய கடிதமாக இருந்தால் உறையைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடாதீர்கள். அவ்வளவு மெனக்கெட்டு மறைத்ததை நாம் கெடுக்க வேண்டாம்.

அந்த 46-ஐயும் இந்த செமஸ்டர் லீவில் ஸ்கேன் பண்ண ஆரம்பித்திருக்கிறேன். 19 முடிந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் பெரியப்பா ஆச்சியின் கேள்விக்குப் பதில் சொல்கிறார், அதனால் அவள் என்ன கேட்டிருப்பாள் என்பதைப் பக்கத்தில் பென்சிலில் குறித்துக்கொண்டே வருகிறேன். ஏப்ரல் கடிதத்தில் "கன்னுக்கு நீங்களே ஒரு பேர் வைத்துவிடுங்கள்" என்று இருக்கிறது. என்ன பேர் வைத்தார்கள் என்று அத்தையிடம் கேட்க வேண்டும்.